பினாங்கிலிருந்து வெளிக்கடலுக்கு: பேரலையில் பாய்மரப் படகைக் காப்பது எப்படி

"அண்ணே, நடுக்கடல்ல அலை எவ்வளவு உயரம் வரும்?"

தஞ்சோங் தோகோங் பக்கம் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையில் நான் யாட்டுகளுக்குக் கயிறும் பாயும் மாற்றிக் கொடுக்கிறேன். அங்கே வரும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஜனவரி, பிப்ரவரியில் லங்காவியிலிருந்தும் இங்கிருந்தும் சில யாட்டுகள் இலங்கைப் பக்கம் கிளம்பும். உரிமையாளர்கள் துணைக்கு ஆள் தேடுவார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் ஒரு தடவை வங்காள விரிகுடாவைத் தாண்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் நம் ஆட்கள் சிலர் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆசை எனக்கும் இருந்தது. மூன்று முறை போய் வந்திருக்கிறேன். அப்படிப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். ஐந்து மீட்டர் அலை நீளமாகவும் வழவழப்பாகவும் வந்தால் படகு அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். தலை உடைந்து நுரையோடு சரிந்து வரும் மூன்று மீட்டர் அலை, குறுக்கே கிடக்கும் படகைப் புரட்டிப் போட்டுவிடும். கீழே நான் சொல்லும் வேலைகள் பெரும்பாலும் அந்த ஒரு நிலை வராமல் பார்த்துக்கொள்வதற்காக. உடையும் அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு படகு கிடக்கக் கூடாது.

முதல் படி: நம் வாசல் கடல் வேறு, வெளிக்கடல் வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நின்று கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு தப்பான தைரியம் இருக்கும். மலாக்கா நீரிணைக்கு மேற்கே சுமத்திரா ஒரு சுவர்போல நிற்கிறது. இந்தியப் பெருங்கடலில் பிறக்கும் பெரிய அலைகளை அந்தத் தீவு வாங்கிக்கொள்வதால் நமக்கு வருவது மிச்சம்தான்.

என் தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த பயணம். விரிகுடா முழுக்க ஆடிக்கொண்டே வந்த கப்பல், ஒரு நாள் காலையில் ஆட்டத்தை நிறுத்திவிட்டதாம். "பினாங்கு வரப்போகுதுன்னு கடலே சொல்லிடும்டா" என்பார். நாம் போவது எதிர்த் திசையில். இங்கிருந்து சுமார் 300 கடல் மைல் போனால் சுமத்திராவின் வடமுனையான ஆச்சே. அதற்கும் பெரிய நிக்கோபாருக்கும் நடுவே உள்ள அகலமான வழியைத் தாண்டியதும் சுவர் முடிந்துவிடும். தெற்கே அண்டார்டிகா வரை தடுக்க நிலமே கிடையாது. அங்கே 40, 50 பாகை தெற்கு அட்சரேகையில் அடிக்கும் புயல்களில் பிறந்த அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து உங்கள் படகைத் தூக்கும். இந்த நீண்ட அலைகளைப் படகுக்காரர்கள் ஸ்வெல் என்பார்கள். முதல் முறை பார்க்கும்போது, காற்றே இல்லாத இடத்தில் கடல் மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

நீரிணைக்குள்ளே ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்திராவிலிருந்து வரிசையாக வரும் இடிமழைக் காற்று இருக்கிறதே, ஊர்ப் படகுக்காரர்கள் அதை 'சுமத்திராஸ்' என்றே சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அதற்குள் ஆழம் குறைந்த நம் கடலில் குட்டையான, செங்குத்தான அலைகளைக் கிளப்பிவிடும். சின்னப் படகுக்கு அவை மிகவும் கொடியவை. வெளிக்கடலுக்குப் போகுமுன் அப்படி ஒரு காலையாவது நீரிணையில் இருந்து பழகுங்கள்.

இரண்டாம் படி: அலையைக் கணக்காகப் படியுங்கள்

அலை பெரிதாக மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது அடித்த நேரம், தடையில்லாமல் ஓடக் கிடைத்த தூரம். பினாங்குக்கும் எதிரே சுமத்திராவில் உள்ள பெலாவானுக்கும் இடையே இருப்பது 250 கிலோமீட்டர் போல. விரிகுடாவில் அதைப்போலப் பல மடங்கு. அதே காற்றுக்கு அங்கே அலை பெரிதாவது இதனால்தான்.

வானிலை அறிவிப்பில் உயரத்துக்குப் பக்கத்தில் வினாடிக் கணக்கில் ஒரு எண் இருக்கும். ஓர் அலை முகடு போய் அடுத்த முகடு வர ஆகும் நேரம் அது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆழ்கடலில் அந்த வினாடியை அதே எண்ணால் பெருக்கி, மறுபடியும் 1.56 ஆல் பெருக்கினால் இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள தூரம் மீட்டரில் கிடைக்கும். 12 வினாடி என்றால் சுமார் 225 மீட்டர். அதில் 3 மீட்டர் உயரம் என்பது ஒரு மெல்லிய மேடு. நீங்கள் டீ குடிக்கலாம். 6 வினாடி என்றால் 56 மீட்டர்தான். அதே 3 மீட்டர் அங்கே முகத்தில் அறையும். உயரம், நீளத்தில் ஏழில் ஒரு பங்கை எட்டும்போது அலை நிற்க முடியாமல் தானே உடைந்துவிடும். கடலில் அதற்கு முன்பே காற்று தலையைச் சீவி உடைத்துவிடுவதும் உண்டு.

இன்னொன்றும் புரிய வேண்டும். அறிவிப்பில் 3 மீட்டர் என்றால் எல்லா அலையும் 3 மீட்டர் என்று அர்த்தமில்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். 10 வினாடிக்கு ஓர் அலை என்றால் மணிக்கு 360. மூன்று மணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேல். அந்த ஆயிரத்தில் ஒன்று ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரமாக இருக்கும் என்பது சாதாரணக் கணக்கு. ஆகவே 3 மீட்டர் என்று படித்தால், உங்கள் காவல் நேரத்தில் ஐந்தரை மீட்டர் அலை ஒன்று வரும் என்று வைத்துக்கொண்டே உட்காருங்கள். அலையின் வலு, உயரத்தின் இருமடிப்படி ஏறும். 2 மீட்டர் 4 ஆனால் வலு நான்கு மடங்கு. ஒரு கன மீட்டர் கடல் நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. உடைந்த அலை என்பது ஓடி வரும் பல டன் தண்ணீர்.

இரண்டு மடங்கையும் தாண்டி வருவதைத்தான் ராட்சத அலை என்கிறார்கள். மாலுமிகள் காலம் காலமாகச் சொன்னதைப் பலர் மிகைப்படுத்தல் என்றே ஒதுக்கினார்கள். 1995 ஜனவரி 1 அன்று வடகடலில் டிராப்னர் என்ற எரிவாயு மேடையில் இருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் அலையை அளந்தது. சுற்றி இருந்த கடலின் அளவோ சுமார் 12 மீட்டர்தான். அப்புறம் யாரும் கதை என்று சொல்லவில்லை. நம் பாதையில் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி அலைகள் எழுவதற்கு ஒரு வழி, பல திசை அலைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவது. அந்த நிலை நம் விரிகுடாவில் தாராளமாக உண்டு. ஜனவரியில் வடகிழக்குக் காற்று ஓர் அலை வரிசையை ஓட்டும். தென்மேற்கிலிருந்து ஸ்வெல் எதிரே வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் கூம்பாக எழுந்து, எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாததுபோல் ஒரு கணம் நின்று சரியும். நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடும் இடத்திலும் இதே கதிதான்; அலை நெருங்கி, நிமிர்ந்து, உடையும்.

மூன்றாம் படி: நாளைக் கடல் குறிக்கட்டும்

பினாங்கிலிருந்து இலங்கையின் காலிக்கு ஏறத்தாழ 1,200 கடல் மைல். 11, 12 மீட்டர் யாட்டுக்கு ஒன்பது பத்து நாள். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று பின்பக்கத்திலிருந்து தள்ளிக் கொடுக்கும். ஜனவரி, பிப்ரவரிதான் என் தேர்வு. மே மாதமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் விரிகுடாவில் புயல் எழும் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மூக்கில் அடிக்கும். அந்த மாதங்களில் மேற்கே போகக் கூப்பிடும் கேப்டனிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

"நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இங்கே புயல் வராது" என்று சொல்வார்கள். 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் வெறும் ஒன்றரைப் பாகை வடக்கில் உருவாகி ஜொகூரில் கரை ஏறியது. மிக அபூர்வம். வராது என்று மட்டும் சொல்ல முடியாது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்றுக்கும் கொந்தளிப்புக்கும் மூன்று வகை எச்சரிக்கை கொடுக்கிறது. முதல் வகையில் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. இரண்டாவதில் 50 முதல் 60 கிலோமீட்டர், 4.5 மீட்டர் வரை. அதற்கு மேல் போனால் மூன்றாம் வகை. வடக்கு மலாக்கா நீரிணைக்கு மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஃபூக்கெட் கடற்பகுதிக்கும் சேர்த்துப் பாருங்கள். விரிகுடாப் புயல் செய்திக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறைதான் பொறுப்பு. முதல் வகை எச்சரிக்கை இருந்தாலும் நான் கிளம்ப மாட்டேன். புறப்பட்டபின் வழியில் மாட்டுவது வேறு. தெரிந்தே உள்ளே போவது வேறு.

உரிமையாளருக்கு விமான டிக்கெட், உங்களுக்கு லீவு முடியும் தேதி, இலங்கையில் காத்திருக்கும் நண்பர். கடலுக்கு இந்தத் தேதிகள் எதுவும் தெரியாது. படகில் ஏறுமுன் கேப்டனிடம் நேராகக் கேளுங்கள்: "காற்று சரியில்லாவிட்டால் எத்தனை நாள் காத்திருப்பீர்கள்?" தெளிவான பதில் வராவிட்டால் வேறு படகு பாருங்கள்.

நான்காம் படி: தலைகீழாகப் புரளும் என்று நினைத்துப் படகைக் கட்டுங்கள்

இந்தப் படிக்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். உள்ளறையில் நடுவில் நின்று ஒவ்வொரு பொருளாகப் பார்த்து, "கூரை தரையானால் இது எங்கே போகும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பேட்டரிதான் முதலில். ஒன்று இருபது முப்பது கிலோ இருக்கும். பட்டை போட்டு அடியோடு இறுக்குங்கள். தரைப் பலகைகளுக்குத் திருப்புப் பூட்டு. பெட்டி மூடிகளுக்குக் கொக்கி. கேஸ் அடுப்பு அதன் தொட்டிலிலிருந்து கழன்று வராதபடி ஒரு கம்பி. டின் உணவு, கருவிப் பெட்டி, உதிரி நங்கூரம் எல்லாம் தாழ்வான இடத்தில், கட்டி.

அடுத்து வாசல். சுக்கான் பிடிப்பவர் உட்காரும் திறந்த பள்ளமான காக்பிட்டிலிருந்து உள்ளே இறங்கும் வாசலுக்கு இரண்டு மூன்று பலகைகள் செருகுவார்கள். நல்ல வானிலையில் புழுக்கம் தாங்காமல் எடுத்துவிடுவோம். பாதிப் படகுகளில் அந்தப் பலகைக்குப் பூட்டே கிடையாது. படகு கவிழ்ந்தால் தானே நழுவி விழுந்துவிடும். உள்ளிருந்தும் வெளியிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளும், பலகையைப் படகோடு இணைக்கும் ஒரு முழக் கயிறும் போட்டாக வேண்டும். வாசல் மூடியிருந்தால் கவிழ்ந்த யாட்டு, அடிக்கட்டையின் எடையால் தானே நிமிரும். திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும், நிமிர்வது தாமதமாகும், அடுத்த அலை வேலையை முடித்துவிடும்.

தண்ணீர் இறைக்க இரண்டு கைப் பம்பு வேண்டும். ஒன்று காக்பிட்டிலிருந்து இயங்க வேண்டும். மின் பம்பை மட்டும் நம்ப வேண்டாம். மூடி போட்ட பெரிய பக்கெட்டும் இருக்கட்டும். படகின் உடலில் உள்ள ஒவ்வொரு தண்ணீர்க் குழாய்த் துளைக்கும் பக்கத்தில் ஒரு மர ஆப்பைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

பாய்களில், பெரிய பாயை மூன்று கட்டம் சுருக்கும் வசதி, புயலுக்கான சின்ன முன்பாய், இரண்டும் அவசியம். அப்புறம் இழுவை. படகின் பின்புறத்திலிருந்து நீண்ட கயிற்றில் நூறுக்கும் மேற்பட்ட சின்னத் துணிக் கூம்புகளைத் தைத்துக் கடலில் விடும் சாதனம் ஒன்று உண்டு. டொனால்ட் ஜோர்டன் என்ற அமெரிக்க வானூர்திப் பொறியாளர் உருவாக்கியது. அவர் பெயரிலேயே ஜோர்டன் டிரோக் என்கிறார்கள். அது பின்புறத்தை அலைக்கு நேராகப் பிடித்து, படகு முன்னால் பாய்ந்து ஓடுவதைத் தடுக்கும். கடையில் விலை அதிகம். ஆனால் கூம்புகளை வீட்டில் தைக்கலாம். நான் மூன்று படகுகளுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு விஷயம்: அதைக் கட்டும் இடம் சாதாரணக் கயிற்றுக் கொம்பாக இருக்கக் கூடாது. இழுப்பு டன் கணக்கில் வரும். படகின் உடலோடு போல்ட் போட்ட தகடு வேண்டும்.

ஐந்தாம் படி: உங்கள் உடம்பைப் படகோடு கட்டுங்கள்

இரவில், மூன்று மீட்டர் அலையில், கடலில் விழுந்தவரைத் திரும்பக் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும், அதுவும் முகடு ஏறும்போது மட்டும். ஆகவே விழாமல் இருப்பதே வழி. மார்பு வார் சேர்ந்த உயிர்காப்புச் சட்டை, அதிலிருந்து இரண்டு கொக்கிக் கயிறுகள், ஒன்று ஒரு மீட்டர், ஒன்று இரண்டு மீட்டர். மேல்தளத்தில் முன்னிருந்து பின்வரை ஒரு தட்டைப் பட்டை ஓடும். அதைப் படகின் ஓரத்தில் கட்டாமல் முடிந்தவரை நடுவே கட்டுங்கள். ஓரத்தில் கட்டினால் நீங்கள் விழும்போது கயிறு தண்ணீர் வரை எட்டும். ஓடும் படகு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனால் அதிலேயே மூழ்கிச் செத்தவர்கள் உண்டு. உள்ளறையிலிருந்து ஏறும்போது வாசலில் நின்றபடியே முதல் கொக்கியை மாட்டுங்கள்; அதன் பின்தான் கால் வெளியே வரலாம்.

கடல் மயக்கத்துக்கான மாத்திரையை முந்தைய இரவே போட்டுவிடுங்கள். வாந்தி ஆரம்பித்தபின் போடும் மாத்திரை வயிற்றில் தங்காது. முதல் மூன்று நாளுக்குப் புளிச்சாதம், அவித்த உருளை, பிஸ்கட், மைலோ. பசியாறாமல் காவலுக்கு உட்காரக் கூடாது. தூக்கமில்லாத, வெறும் வயிற்று ஆள் எடுக்கும் முடிவுகளில்தான் படகு சிக்கலில் மாட்டுகிறது.

406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் ஈபர்ப் கருவி படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, பேட்டரித் தேதி தாண்டவில்லையா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் அலைவரிசையில் எப்படி உதவி கேட்பது என்று கேப்டனைத் தவிர இன்னொருவருக்காவது தெரிய வேண்டும். நம் கரையோரம் என்றால் 999 அழைத்தால் மலேசியக் கடல்சார் அமலாக்க முகமைக்குப் போகும். நடுக்கடலில் ரேடியோவுக்கு எட்டுவது பக்கத்தில் போகும் கப்பல்தான். பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே கப்பல் போக்குவரத்து மிக அதிகம். ஆனால் அலை பெரிதாக இருக்கும்போது அவர்கள் ரேடார் திரையில் சின்ன யாட்டு அலைகளின் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். நம் படகின் இடத்தை மற்றக் கப்பல்களுக்குக் காட்டும் ஏஐஎஸ் கருவியைப் போட்டே வையுங்கள்.

ஆறாம் படி: அலை ஏற ஏற என்ன செய்வது

என் இரண்டாவது பயணத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் படகு, யார் படகு என்பது வேண்டாம். 11 மீட்டர் யாட்டு, நான்கு பேர். நிக்கோபாரைத் தாண்டி இரண்டாம் நாள் இரவு. காற்று 25 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). உரிமையாளருக்குக் கொழும்பில் விமானம் பிடிக்க வேண்டும், அதனால் பாயைச் சுருக்கவில்லை. ஆட்டோபைலட் சுக்கானைப் பார்த்துக்கொண்டிருந்தது. புழுக்கமாக இருந்ததால் வாசலின் மேல் பலகை இரண்டும் உள்ளே படுக்கையில் கிடந்தன. நான் காவலில் இருந்தேன்; பாயைச் சுருக்கலாமா என்று மாலையில் ஒரு முறை கேட்டேன், அப்புறம் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். லாரி சல்லிக்கல் கொட்டுவதுபோல. திரும்பிப் பார்த்தபோது வெள்ளையாக ஒரு கோடு என் தலைக்கு மேலே இருந்தது. அது நாங்கள் பழகியிருந்த வடகிழக்கு அலை இல்லை. இரண்டு வரிசையும் கூடிய மூலையிலிருந்து வந்தது. பின்புறத்தைத் தூக்கி, முன்புறத்தைத் தண்ணீரில் குத்தி, படகை ஒரு சுற்றுச் சுற்றிக் குறுக்கே போட்டுவிட்டது. அதன் மேல் அலை உடைந்தது. பாய்மரம் தண்ணீரில் படுத்தது. நான் கொக்கிக் கயிற்றில் தொங்கினேன், வாயெல்லாம் உப்பு, காலுக்குக் கீழே படகு இல்லை, கடல் இருந்தது. எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து வினாடி இருக்கும். பிறகு படகு மெதுவாக எழுந்தது.

உள்ளே கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அடுப்பில் கட்டாமல் வைத்த குக்கர் பறந்து போய்த் தூங்கிக்கொண்டிருந்தவர் நெற்றியைப் பிளந்திருந்தது. பருப்பு கூரையில் ஒட்டியிருந்தது. பேட்டரி அசையவில்லை, அதைப் பினாங்கிலேயே கட்டியிருந்தோம். அதனால்தான் விளக்கும் ரேடியோவும் பிழைத்தன. விடியும்வரை நானும் இன்னொருவரும் மாறி மாறிப் பம்பு அடித்தோம். நெற்றிக் காயத்துக்குத் தையல் போட ஆளில்லை. பட்டை ஒட்டி, துணி கட்டி, அவர் ஒரு வாரம் அந்த வலியோடு வந்தார். நான் இரண்டாம் முறை கேட்டிருந்தால் பாய் சுருங்கியிருக்கும். இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது.

சரி, அந்த மாலையில் என்ன செய்திருக்க வேண்டும்?

பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த அந்த நிமிடமே சுருக்க வேண்டும். பின்காற்றில் ஓடும்போது காற்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உடம்புக்குத் தெரியாது. படகின் வேகம் அதைக் கழித்துவிடும். இருட்டுவதற்கு முன் ஒரு கட்டம் கூடுதலாகவே சுருக்குங்கள். வேகத்தில் ஒரு நாட் குறையும், அவ்வளவுதான். பெரிய பாயை இறக்கிவிட்டுச் சின்ன முன்பாயோடு ஓடினால் இழுப்பு முன்னாலிருந்து வரும். படகு சுற்றிக் குறுக்கே விழுவது குறையும்.

அலை மூன்று மீட்டரைத் தாண்டினால் கையால் சுக்கான் பிடியுங்கள். ஆட்டோபைலட், படகு திரும்பிய பிறகுதான் திருத்தும். நீங்கள் அலை பின்புறத்தைத் தூக்கும்போதே உணர்ந்து, பின்புறம் அலைக்கு நேராக இருக்கும்படி பிடிக்க முடியும். இரவில் கண்ணைவிடக் காதை நம்புங்கள். உடையும் அலை சத்தம் கொடுத்துத்தான் வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருவரே பிடிக்க வேண்டாம்.

படகு அலை மேல் சறுக்க ஆரம்பித்தால் சிலருக்கு உற்சாகம் வரும். வேகக் காட்டி 10, 12 என்று ஏறும். அது ஆபத்தின் முதல் அடையாளம். அலையின் அடியில் முன்புறம் குத்தினால் ஒன்று குறுக்கே சுற்றும், இல்லாவிட்டால் தலைக்குப்புறப் புரளும். சறுக்கத் தொடங்கிய உடனே இழுவையைப் பின்னால் விடுங்கள். டிரோக் இல்லையா, இருக்கும் நீண்ட கயிறுகளை வளைவாகக் கட்டிப் பின்னால் இழுத்து ஓடுங்கள், ஓரளவு பிடிக்கும். அலை உடைய ஆரம்பித்த பிறகு டிரோக்கைப் பையிலிருந்து எடுக்கப் போனால் கை நடுங்கும், கயிறு சிக்கும். மாலையிலேயே பின்புறத்தில் கட்டித் தயாராக வைக்க வேண்டும்.

ஓட இடமில்லை, அல்லது ஆட்கள் களைத்துவிட்டார்கள் என்றால் படகை நிறுத்தி வைக்கலாம். சின்ன முன்பாயைக் காற்று வரும் பக்கமாகவே இழுத்துக் கட்டி, சுருக்கிய பெரிய பாயோடு, சுக்கானைப் படகு காற்றை நோக்கித் திரும்பும் நிலையில் கட்டிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். படகு முன்புறத்தைச் சாய்வாக அலைக்குக் காட்டி மெதுவாக ஒதுங்கும். அந்த அமைதியில் சமைக்கலாம், தூங்கலாம். நீரிணையிலேயே நல்ல நாளில் பத்து முறை பழகுங்கள். ஒவ்வொரு படகும் ஒவ்வொரு மாதிரி. அலைகள் பெரிதாக உடைய ஆரம்பித்தால் இதுவும் போதாது, அப்போது டிரோக்தான்.

எல்லாப் பாயையும் இறக்கிவிட்டு, சுக்கானைக் கட்டிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொள்வது மட்டும் கூடாது. அப்படி விட்டால் படகு தானாக அலைக்குக் குறுக்கே போய்த்தான் கிடக்கும்.

குறுக்கே கிடப்பதன் விலையை உலகம் 1979 ஆகஸ்டில் பார்த்தது. இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் போட்டியில் 303 யாட்டுகள் கிளம்பின. நடுவழியில் புயல். போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் தொட்டியில் மாதிரிப் படகுகளை வைத்துச் சோதித்தார்கள். குறுக்கே கிடக்கும் படகை, அதன் நீளத்தில் 30 சதவீத உயரம் உள்ள உடையும் அலை கவிழ்த்துவிடக்கூடும். 60 சதவீதம் என்றால் எந்த வடிவப் படகும் தப்பாது. எங்கள் 11 மீட்டர் படகுக்கு அந்த 30 சதவீதம் 3.3 மீட்டர். விரிகுடாவின் சாதாரண ஜனவரி இரவில் வரக்கூடிய அலை.

ஏழாம் படி: படகு மிதக்கும்வரை படகிலேயே இருங்கள்

அதே ஃபாஸ்ட்நெட்டில் 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். மூழ்கியவை 5 மட்டும்தான். மீதி அப்புறம் மிதந்தபடி கிடைத்தன. உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில் சிலர் அந்த ரப்பர்ப் படகு கிழிந்தும் கவிழ்ந்தும் போனதால் இறந்தார்கள். கப்பல்காரர்கள் சொல்லும் வழக்கம் ஒன்று: உயிர்காப்புப் படகுக்கு மேல்நோக்கித்தான் ஏற வேண்டும். அதாவது யாட்டு அந்த அளவுக்கு அமிழ்ந்த பிறகுதான். 1998 சிட்னி–ஹோபார்ட் போட்டியிலும் புயலில் 6 பேர் இறந்தார்கள், 55 பேரை ஹெலிகாப்டர்களும் கப்பல்களும் தூக்கின. அவ்வளவு பெரிய மீட்புப் படை ஆஸ்திரேலியக் கரைக்குப் பக்கத்தில் இருந்தது. விரிகுடாவின் நடுவில் ஹெலிகாப்டர் எட்டாது. வருவது வழியில் போகும் சரக்குக் கப்பல். அது வர ஒரு நாள்கூட ஆகலாம். கப்பலின் உயரமான இரும்புச் சுவருக்குப் பக்கத்தில் ஆடும் யாட்டிலிருந்து கயிற்று ஏணியைப் பிடிப்பதும் உயிர் ஆபத்துதான். ஆகவே தண்ணீரை இறைத்து, ஓட்டையை அடைத்து, இருக்கும் படகைக் காப்பாற்றுவதில் முதலில் மூச்சைச் செலவழியுங்கள்.

இரண்டு அலைகள் பற்றித் தனியாக

பினாங்கில் பேரலை என்றாலே 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வரும். நம் மாநிலத்தில் 52 பேர் போனார்கள். சுனாமி காற்றில் பிறந்த அலை கிடையாது. ஆழ்கடலில் இருக்கும் படகுக்கு அது கடந்து போனதே தெரியாது. கரை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் எழும். ஆழ்கடலில் இருக்கிறீர்கள் என்றால் அங்கேயே இருங்கள், உடனே கரைக்கு ஓடி வராதீர்கள். பினாங்கில் துறையில் கட்டியிருக்கிறீர்கள் என்றால் படகை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். நம்மைச் சுற்றி உள்ள கடல் ஆழம் குறைந்தது. பாதுகாப்பான ஆழத்துக்குப் பல மணி நேரம் ஓட வேண்டும்.

இன்னொன்று அந்தமான் கடலுக்கே உரியது. காற்றில்லாத இரவில் தூரத்தில் ஆற்று வெள்ளம் பாய்வதுபோல் சத்தம் கேட்கும், பிறகு நுரைத்த சின்ன அலைகள் ஒரு பட்டையாக வந்து படகைக் குலுக்கிவிட்டுப் போகும், மறுபடியும் கண்ணாடிபோல் கடல். கீழே, கண்ணுக்குத் தெரியாமல், இரு வேறு அடர்த்தியுள்ள நீருக்கு நடுவே ஓடும் பெரிய உள் அலைகளின் மேற்பரப்பு அடையாளம் அது. ஆச்சே, நிக்கோபார் பக்கத்து மேடுகளில் ஓதம் மோதுவதால் பிறப்பவை. பயப்பட வேண்டாம், கொக்கி மாட்டியிருந்தால் போதும். அந்தச் சத்தத்தைப் புயல் என்று நினைத்துப் பதறி, பெரிய பாயின் அடியில் உள்ள பூம் என்ற கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் படி: கரையைப் பார்த்ததும் அவசரப்படாதீர்கள்

பத்து நாள் கழித்து இலங்கை விளக்குகள் தெரியும்போது எல்லோருக்கும் உள்ளே போய்விடத் துடிக்கும். ஆழம் திடீரென்று குறையும் இடத்தில் அந்த நீண்ட ஸ்வெல் வேகம் குறைந்து, நெருங்கி, உயர்ந்து, உடையும். நடுக்கடலில் உங்களைத் தாலாட்டிய அதே அலை துறைமுக வாயில் பாறையில் படகை அடித்துவிடும். கடலிலிருந்து பார்த்தால் உடையும் அலையின் முதுகுதான் தெரியும். முன்பக்கத்தின் உயரம் தெரியாது. அதனால் வாசலுக்கு வெளியே ஆழமான இடத்தில் படகை நிறுத்திவைத்து விடியட்டும் என்று இருங்கள். வெளிச்சம் வந்ததும் குறைந்தது பத்து நிமிடம் அலைகளை எண்ணுங்கள். பெரியவை கூட்டமாக வரும், பிறகு ஒரு தணிவு வரும். வாசல் பலகை போட்டு, எல்லோரும் கொக்கி மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, பெரிய கூட்டத்தின் கடைசி அலைக்குப் பின்னாலேயே உள்ளே போங்கள்.

நெற்றி பிளந்த அந்த நண்பரோடு காலிக்கு வெளியே நாங்கள் அப்படித்தான் ஓர் இரவு முழுக்கக் காத்திருந்தோம். உரிமையாளரின் விமானம் அதற்கு முந்தைய நாளே போய்விட்டிருந்தது.